ஏட்டைப் பூட்டிவைக்கும் உரிமை எவருக்கு?

கடனட்டை மூலம் பணம் பெறும் வர்த்தகர் ஒருவர், தமக்காக அப்பணத்தை அறவிட்டுத் தரும் கொம்பனியை மாற்ற விரும்பினால், தம் வாடிக்கையாளரின் அட்டை விபரங்களையும் உடன் கொண்டுசெல்ல அவருக்கு உரிமை உண்டா? இது கணினி வல்லுநருக்கு மட்டும் உரிய கேள்வியென ஒதுக்கிவிடுதல் தவறு. பிறர் எழுதிய ஒப்பந்தத்தில் ஒப்பமிடும் ஒவ்வொருவரையும் இது தொடுகின்றது.

வீசா, மாஸ்டர்கார்ட், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டிஸ்கவர், ஜேசிபி ஆகிய ஐந்து நிறுவனங்களும் கூடி 2006 இல் அமைத்த பாதுகாப்பு நியமச் சபையின் விதிகள் கடுமையானவை. அட்டை இலக்கத்தைச் சேமித்து வைப்போர் அதனை எவரும் வாசிக்க இயலாவண்ணம் மறைத்தே வைத்தல் வேண்டும். அட்டையில் அச்சிட்ட சோதனைக் குறியையோ, கொடுப்பனவு அங்கீகரிக்கப்பட்ட பின்னர் வர்த்தகர் வைத்திருக்கவே கூடாது. இப்பாரத்தைச் சிறு வர்த்தகர் தாங்கவொண்ணாது. ஆதலின், கொடுப்பனவுக் கொம்பனியே இலக்கங்களைத் தன் பெட்டகத்தில் வைத்துக்கொண்டு, வர்த்தகருக்கு ‘டோக்கன்’ எனும் பதிற்குறியை மட்டும் வழங்குகின்றது. மாதந்தோறும் அக்குறியைக் காட்டியே அவர் பணம் அறவிடுகின்றார்.

வில்லங்கம் இங்கேதான் தொடங்குகின்றது. ஒரு கொம்பனி வழங்கிய குறி மற்றொரு கொம்பனியிடம் செல்லாது. கட்டணம் உயர்ந்ததென்றோ சேவை சீர்கெட்டதென்றோ வர்த்தகர் வெளியேற முனைந்தால், அவர் கையில் எஞ்சுவது நெல்லன்று, பதர்.

வலிகாமத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, கனடாவிலும் இலண்டனிலும் வாழும் நம்மவர் 400 பேருக்குப் பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் அனுப்பி மாதாமாதம் பணம் பெறுகின்றதென வைத்துக்கொள்வோம். கொம்பனியை மாற்றும் நாளில் அந்த 400 பேரிடமும் அட்டை இலக்கத்தை மீண்டும் கேட்க நேர்ந்தால் என்னாகும்? சிலர் கடிதத்தைப் பாரார். சிலர் பின்னர் பார்ப்போமென விடுவர். சிலர் இது மோசடியோ என அஞ்சுவர். பல்லாண்டு உழைத்துத் தேடிய வாடிக்கை சில வாரங்களிற் கரையும். இதனை அறிந்த சங்கம், கேட்ட கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வாய்மூடியிருக்கும். விலங்கு பூட்டாமலே கட்டிவைக்கும் வழி இது!

“பாதுகாப்புக் கருதியே தர மறுக்கின்றோம்” என்று கொம்பனிகள் கூறுவதுண்டு. இக்கூற்றில் ஒரு பாதி உண்மை. அட்டை இலக்கங்களைப் பட்டியலிட்டு வர்த்தகர் கையிற் கொடுப்பது அறிவீனமே. ஆனால், அவ்வாறு கேட்பவர் எவர்? நியமச் சபையின் தரச்சான்று பெற்ற பழைய கொம்பனி, அதே சான்று பெற்ற புதிய கொம்பனிக்கு நேரடியாக அனுப்பட்டும் என்பதே கோரிக்கை. புதிய கொம்பனி மட்டுமே திறக்கக்கூடிய மறைகுறியாக்கத்தில் விபரங்கள் செல்லும். பழைய குறி எந்தப் புதிய குறிக்கு ஈடு என்னும் அட்டவணை மட்டுமே வர்த்தகரை வந்தடையும். ஓர் இலக்கமேனும் அவர் கண்ணிற் படாது.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. அமெரிக்காவின் பிரெயின்ட்ரீ நிறுவனம், வெளியேறும் வர்த்தகருக்கு இவ்விபரங்களை ஒப்படைப்பதென 2010 இல் ஒரு பொதுநியமம் வகுத்து, ஏனைய நிறுவனங்களையும் அதிற் சேர அழைத்தது. ஸ்ட்ரைப் போன்ற நிறுவனங்களும் இன்று இத்தகைய இடமாற்றத்துக்கு வழிசெய்துள்ளன. ஆயினும், இவை மனமுவந்து அளிக்கும் சலுகைகள். சலுகை வேறு, உரிமை வேறு. கொடுத்தவன் நினைத்தபோது மீளப்பெறக் கூடியது சலுகை.

சட்டம் என்ன சொல்கின்றது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 20 ஆம் உறுப்புரை, தாம் கொடுத்த விபரங்களை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லும் உரிமையைத் தனிமனிதருக்கு அளித்தது, வர்த்தகருக்கு அன்று. இந்திய மத்திய வங்கியோ 2022 ஒக்டோபர் 1 முதல், அட்டை வழங்கும் வங்கியும் அட்டை வலையமைப்பும் அன்றிப் பிறர் எவரும் முழு இலக்கத்தைச் சேமித்து வைத்தலாகாதென விதித்தது. பெட்டகத்தின் சாவி எவர் கையில் இருத்தல் வேண்டுமென அரசு தீர்மானிக்க முடியும் என்பதற்கு இது சான்று. நம் நாட்டின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிமனிதரைக் காக்க எழுந்தது. வர்த்தகருக்கும் கொம்பனிக்கும் இடையிலான இப்பிணக்கைத் தீர்க்க இயற்றப்பட்டதன்று. எனவே, ஒப்பந்தமே நமது அரண்.

உழவன் தன் நெல்லைப் பிறர் களஞ்சியத்தில் வைத்தால், களஞ்சியக்காரன் வாடகை கேட்கலாம். நெல் தனதென்று கூறலாமா? காவல் வேறு, உடைமை வேறு. அட்டை விபரம் கொடுத்தவருக்கு உரியது; அவர் நம்பியது வர்த்தகரை; கொம்பனி காவலாளி மட்டுமே.

ஆகவே, ஒப்பந்தத்தில் இவ்வாசகங்கள் இடம்பெற வேண்டுமென வற்புறுத்துங்கள். எழுத்தில் கேட்டதும், தரச்சான்று பெற்ற எந்தக் கொம்பனிக்கும் குறித்த நாட்களுக்குள் விபரங்களை மாற்றித் தருதல் வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டாயின் தொகை முன்கூட்டியே எழுதப்படல் வேண்டும். நிலுவைப் பிணக்கைக் காட்டித் தடுத்துவைத்தலாகாது. மாற்றம் நிகழும் நாட்களிற் புதிதாய்ச் சேர்ந்த அட்டைகளும் பின்னர் அனுப்பப்படல் வேண்டும். முன்பு பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேரின், பழைய கணக்கு சிறிது காலம் திறந்திருத்தல் வேண்டும். அதன்பின் பழைய பெட்டகத்தில் உள்ளவை அழிக்கப்பட்டமைக்கு எழுத்துமூல உறுதி தரப்படல் வேண்டும்.

நுழையும் வாயிலை மட்டும் பார்த்து வீடு வாங்குவோர் உளர். வெளியேறும் வாயில் உண்டா என்றும் பார்ப்பதே விவேகம். தனியொரு வர்த்தகர் கேட்டால் கொம்பனி நகைக்கலாம். சங்கங்களும் சபைகளும் ஒரே குரலிற் கேட்டால் நகைக்குமா? ஒப்பமிடுமுன் கேளுங்கள், ஒப்பமிட்டபின் கேட்பது வேண்டுதலாகவே முடியும்.