புகை வியாபாரமும் பொய்க் கணக்கும்

ஆலைக்காரர்கள் விடும் கரியமில வாயுவுக்குச் சீட்டுப் போட்டு, அந்தச் சீட்டைக் கடைச்சரக்கைப் போல் விற்கவும் வாங்கவும் இந்திய சர்க்கார் 2023-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு திட்டம் வெளியிட்டார்கள். “பாவத்தைச் செய்துவிட்டுப் புரோகிதருக்குத் தட்சணை கொடுக்கும் பிராயச்சித்தந்தானே இது?” என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமே. ஆனால் பிராயச்சித்தத்தில் அளவுமில்லை, கணக்குமில்லை. இதில் அளவும் கணக்கும் யோக்கியமாயிருந்தால் புகை மெய்யாகவே குறையும். அவை பொய்யானால் இதுவும் பிராயச்சித்தமேதான்.

தத்துவம் சுலபமானது. மொத்தம் இத்தனை டன்னுக்குமேல் கூடாதென்று சர்க்கார் வரம்பு கட்டி, டன்னுக்கு ஒரு சீட்டு வீதம் பங்கிடுவது. குறைந்த செலவில் புகையைக் குறைக்கக்கூடியவன் குறைத்து, மீந்த சீட்டை விற்பான், முடியாதவன் வாங்குவான். வரம்பு வருஷாவருஷம் இறங்கும். ஐரோப்பாவில் 2005-ல் இதைத் தொடங்கியபோது சீட்டை வாரிக் கொடுத்துவிட்டபடியால், 2007-ல் அதன் விலை ஏறக்குறைய பூஜ்யமாயிற்று. பின்னர் வரம்பை இறுக்கினார்கள். 2023-ல் அத்திட்டத்திற்குட்பட்ட ஆலைகள், மின் நிலையங்களின் புகை 2005-ல் இருந்ததைவிடச் சுமார் 47 சதவீதம் குறைந்திருந்தது.

நம் திட்டத்திலோ மொத்த வரம்பே கிடையாது. ஒரு டன் சரக்குக்கு இவ்வளவு புகை என்பதுதான் அளவு. மூட்டையின் எடையைக் கொஞ்சம் குறைத்து, மூட்டைகளை இரட்டிப்பாக ஏற்றினால் வண்டிமாட்டுக்கு என்ன லாபம்? அன்றியும், 2025 அக்டோபரில் முதன்முதல் இலக்கு விதித்தது அலுமினியம், சிமெண்டு, காகிதம், குளோர்-ஆல்கலி ஆலைகளுக்கே. நம் ஜில்லாவில் 1,440 மெகாவாட்டுக்கு நிலக்கரி எரிக்கும் மேட்டூர் அனல் மின் நிலையம் போன்றவை அந்த ஜாபிதாவில் இல்லை.

நிற்க. இவற்றைவிட முக்கியமான சங்கதி, அளப்பவனுக்குக் கூலி கொடுப்பது யார் என்பதாகும். குஜராத்தில் 2009 முதல் 2011 வரை ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஆலைக்காரரே தணிக்கையாளரை அமர்த்திக் கூலி கொடுத்தபோது, புகை சட்ட வரம்புக்குச் சற்றுக் கீழேயே இருப்பதாகக் கணக்கு வந்தது. பொது நிதியிலிருந்து கூலி கொடுத்து, யார் எந்த ஆலைக்கென்று குலுக்கிப் போட்டு அனுப்பி, மறு அளவும் எடுத்தபோது உண்மை வெளியாயிற்று. ஆலைகளும் புகையைக் குறைத்தன. அதே குஜராத்தில் சூரத் நகரில் 2019-ல் புகைத் தூசிக்குச் சீட்டு வியாபாரம் தொடங்கி, புகைபோக்கியிலேயே கருவி பொருத்தி அளந்தார்கள். தூசி 20 முதல் 30 சதவீதம் குறைந்தது.

இவ்வளவு தெரிந்த பிறகும் கரியமில வாயுத் திட்டத்தில், கணக்கைச் சரிபார்ப்பவரை ஆலைக்காரரே அமர்த்திக்கொள்ளும்படி விட்டிருப்பது எந்த அறிவு? இலக்குத் தவறினால் சராசரிச் சீட்டு விலையில் இரண்டு பங்கு அபராதம் என்பது சரியே. பொய்க் கணக்கு ‘பாஸா’கிவிட்டால் அபராதம் யாரிடம் வசூலிப்பது? நெல் கூலி அளக்கும்போது மரக்கால் மிராசுதாருடையதா என்று கேட்கத் தெரிந்தவர்கள் நம் பண்ணையாட்கள். அந்தக் கேள்வியை இங்கே கேட்பாரில்லை!

தம்மம்பட்டிப் பக்கத்தில் மரவள்ளி போடுகிறவனிடம் விற்கச் சீட்டு ஒன்றுமில்லை. பருவம் கெட்டால் நஷ்டம் மாத்திரம் அவனுக்கு. மழை தவறினால் கழுதைக்குக் கல்யாணம் செய்யப் பணம் வசூலிக்கிறோம். புகைக் கணக்கை மட்டும் கேட்பதில்லை.

ஆகவே, மொத்த வரம்பு கட்டு, அனல் மின் நிலையங்களையும் சேர், தணிக்கைக் கூலியைப் பொது நிதியிலிருந்து கொடு, ஒவ்வொரு ஆலையின் கணக்கையும் தமிழில் அச்சிட்டு வெளியிடு என்று ஊர்தோறும் தீர்மானம் செய்து சர்க்காருக்கு அனுப்ப வேண்டும். கணக்குக் கேட்கிறவன் இல்லாத இடத்தில் எந்தத் திட்டமும் முதலாளிக்கு இன்னொரு கடையாகத்தான் முடியும்.