நாள் கணக்கில் வராத செலவு

"நாளுக்கு ஆயிரம் ரூபாய் போதும், மனம் இருந்தால் யாரும் வெளிநாடு சுற்றலாம்" என்ற பேச்சு பயணக் காணொளிகள் வழியே திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் வந்துவிட்டது. பொது அறையில் ஒரு கட்டில், தெருக்கடைச் சாப்பாடு, இரவுப் பேருந்து என்று இருந்தால் நேபாளத்திலோ வியட்நாமிலோ அந்தப் பணத்தில் ஒரு நாளை ஓட்டலாம், அது மெய்தான். ஆனால் அது போய் இறங்கியவரின் கணக்கு. ஓவர்லாக் மெஷினில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்குச் சனிக்கிழமை கைக்கு வருவது தைத்த உருப்படிக்கான கூலி மட்டுமே. பத்து நாள் போனால் அங்கே பத்தாயிரம் செலவு, இங்கே பத்து நாள் கூலியும் போச்சு. வாடகையும் குழுக்கடன் தவணையும் அவருக்காகக் காத்திருக்காது. சம்பளத்தோடு விடுப்பு எடுத்துப் போகிறவருக்கு இந்த இரண்டாவது இழப்பு கிடையாது. அதனாலேயே அவர் சொல்லும் கணக்கில் அது இடம்பெறுவதில்லை.

விசாவே தேவையில்லாமல் போய்விட்டதே என்பார்கள். 2023 நவம்பரில் தாய்லாந்தும் டிசம்பரில் மலேசியாவும் இந்தியருக்கு விசாவை விலக்கியது நல்ல செய்திதான். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளோ 2024 ஜூனில் கட்டணத்தை 90 யூரோவாக்கின. விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. வங்கிக் கணக்கு விவரம், 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, வேலை பார்க்கும் இடத்தின் கடிதம் எல்லாம் கேட்பார்கள். கான்ட்ராக்டரிடம் வேலை செய்பவரின் பெயர் கம்பெனிப் பதிவேட்டிலேயே இல்லாதபோது யார் கடிதம் தருவது? பத்தாம் வகுப்பு முடிக்காதவர் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (குடியேற்ற அனுமதி தேவை) என்ற குறி விழும். சுற்றுலாவுக்கு அது தடையில்லை. ஆனால் திரும்பி வரும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். ஒருவழி டிக்கெட்டில் கிளம்பச் சொல்லும் அறிவுரை அவருக்கு உதவாது.

ஏழைக்குத் துணிவில்லை என்பதுதான் இந்தப் பேச்சில் எனக்குப் பொறுக்காத பகுதி. தன்பாத் எக்ஸ்பிரஸின் பொதுப்பெட்டியில் ஒற்றைப் பையோடு ஜார்க்கண்டிலிருந்து மொழி தெரியாத ஊருக்கு வந்து இறங்கி, ஓர் அறையில் பலரோடு தங்கி வேலை செய்பவருக்குச் சிக்கனத்தையும் துணிவையும் யார் கற்றுத்தர வேண்டும்? அவரிடம் இல்லாதது கூலி கிடைக்கும் ஓய்வு நாள். ஆண்டுக்கு 240 நாள் உழைத்தவருக்கு, உழைத்த 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வகுத்தது. கணக்குப் போட்டால் 12 நாள். அந்த நாள்கள் கையில் இருந்தால் போக இடமும் உண்டு: நேபாளம் போக விசா வேண்டாம், இந்தியருக்கு வாக்காளர் அட்டை போதும். பயணம் போகச் சொல்லும் நண்பர்களே, முதலில் அந்த 12 நாளைக் கேட்டு வாங்கித் தர எங்களோடு நில்லுங்கள்.