மேற்பார்வையாளரின் அமானிதம்

தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் ஒருமுறையேனும் பெருநாள் துணி எடுக்காத குடும்பம் சென்னையில் அரிது. நமக்குப் புடவைகளைப் பிரித்துக் காட்டும் பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருப்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றம், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. வேலையினிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர்கள் அமர இருக்கை இருக்க வேண்டும் என்பது அத்திருத்தம். நாள் முழுதும் நிற்பவர்களைக் கால் வீக்கமும் நரம்புச் சுருட்டலும் வாட்டுவதால் இது தேவையான சட்டமே. ஆயினும் சட்டத்தால் இருக்கையைத்தான் தர முடியும். அதில் அமரும் துணிவை ஊழியருக்குத் தருவதும் பறிப்பதும் அத்தளத்து மேற்பார்வையாளரின் ஒரு பார்வையே.

தீ விபத்தின் நிலையும் இதுவே. 2008இல் ரங்கநாதன் தெருக் கடையொன்றில் மூண்ட தீயில் ஊழியர் இருவர் இறந்தனர். 2017 மே 31 அதிகாலையில் உஸ்மான் சாலையின் சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் பற்றிய தீ ஒரு நாளுக்கும் மேலாக எரிந்தது. உள்ளே இருந்த ஊழியர்கள் அல்லாஹ்வின் அருளால் மீட்கப்பட்டனர். கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டது.

எந்தக் கடையிலும் அவசர வழி வரைபடத்தில் இருந்தால் மட்டும் போதாது. பண்டிகைச் சரக்கு வந்து இறங்கும்போது படிக்கட்டில் பெட்டிகளை அடுக்கச் சொல்வதும், திருட்டுக்கு அஞ்சிப் பின்கதவைப் பூட்டச் சொல்வதும் மேற்பார்வையாளர்தாம். ஆகவே முதலில் பயிற்சி பெற வேண்டியவரும் அவரே.

ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பிலுள்ளோர் பற்றி விசாரிக்கப்படுவார் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாகவும் அவர்கள் எண்ணினார்கள். தெருவில் கிடக்கும் முள்ளுக்கு இது பொருந்துமானால், படிக்கட்டை அடைக்கும் பெட்டிக்குப் பொருந்தாதா?

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சிலர் சொல்லக்கூடும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தவக்குல் என்பது அலட்சியத்திற்கு இட்ட பெயரன்று.

கடை நடத்தும் சகோதரர்களே, ரமளான் வியாபாரம் சூடுபிடிக்கும் முன் அரை நாளை இதற்கென ஒதுக்குங்கள். சாவி யாரிடம், மின்சார மெயினை அணைப்பவர் யார், வெளியேறியோரை எண்ணுபவர் யார் என்று முடிவு செய்யுங்கள். மின்கசிவுத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையும், தீயணைப்பானின் முள்ளை இழுத்துத் தீயின் அடிப்பகுதியை நோக்கிப் பீய்ச்சும் முறையையும் மேற்பார்வையாளர்கள் தம் கையால் செய்து பழகட்டும். யார் எப்போது அமர்வது, எப்போது தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்கும் செல்வது என்பதற்கும் முறை வகுக்கட்டும்.

நம் பிள்ளைகளில் பலர் இன்று அத்தகைய தளங்களின் பொறுப்பில் இருக்கிறார்கள். பதவி உயர்வு கிடைத்ததும் இனிப்பு வழங்கி மகிழும் நாம், எத்தனை உயிர்களின் அமானிதம் அவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்பதையும் எடுத்துச் சொல்வோம். அதை நிறைவேற்றும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.