இரவில் அருந்தும் நீர் பகலுக்கு ஈடாகுமா?

எலியின் சிறுநீரகம் மனிதனுடையது ஆகாது. ஆயினும், வெப்பத்தில் நீரின்றி உழைத்தால் சிறுநீரகம் என்னவாகும் என்பதை மனிதரிடம் சோதித்தறிய அறம் இடந்தராது.

நிகரகுவா நாட்டுத் தொழிலாளரிடையே பரவிய நாட்பட்ட சிறுநீரக நோய்க்குக் காரணம் தேடிய ஆய்வாளர்கள், சுண்டெலிகளைத் திரும்பத் திரும்ப வெப்பத்தில் வாட்டினர். முடிவுகள் 2014இல் வெளிவந்தன. ஒரு பிரிவுக்கு நாள் முழுதும் நீர். மற்றதற்கு இரவில் மட்டும். மொத்த அளவு ஒன்றே. இரவில் மட்டும் அருந்தியவற்றின் சிறுநீரகத்தில் அழற்சியும் தழும்பும் தோன்றின. 2016இல் வெளியான மற்றோர் ஆய்வில், நீரிழந்த எலிகளுக்குக் குளிர்பானம் போன்ற இனிப்பு நீர் அளித்தபோது பாதிப்பு மேலும் மிகுந்தது.

சுங்குவார்சத்திரம் வட்டாரத் தொழிற்சாலைகளில் உழைப்போர் பலர், ஷிப்டு முடியட்டும் என்று தாகத்தை ஒத்திப்போடுவதை நாங்கள் அறிவோம். எலியிடம் கண்டது நமக்கும் அப்படியே பொருந்தும் என்று கூறோம். ஆனால் வேலையிடத்தில் குடிநீரும் கழிப்பறையும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே கடமையாக்கப்பட்டவை. அவற்றைப் பயன்படுத்த இடைவேளையும் வேண்டும். அதைத் தர, இறுதிச் சான்று வரும்வரை காத்திருப்பது முறையன்று.

டயாலிசிஸ் பெறுவோரும், நீர்க்கட்டுப்பாடு உள்ளோரும் தம் மருத்துவர் வகுத்த அளவையே கடைப்பிடிக்க வேண்டுகிறோம். அவர்தம் இல்லத்திலிருந்து வேலைக்குச் செல்வோர், தண்ணீர்ப் புட்டியைப் பகலிலேயே காலிசெய்யட்டும்.