புதைத்தால் ஆறிவிடுமா?

"அணுக்கழிவா? ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தால் தீர்ந்தது" என்று ராஜபாளையம் பஸ்ஸிலும் பேசுகிறார்கள், டீக்கடையிலும் பேசுகிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்பில் தீயை இழுத்த பிறகும் சட்டி கொதிப்பதைப் பார்த்தவர்கள் நாம். அடுப்பு அரை நாளில் ஆறிவிடும். அணு உலையில் எரிந்த எரிபொருள் அப்படியல்ல. அதிலுள்ள சீசியமும் ஸ்ட்ரான்ஷியமும் தாமே சிதைந்து சூட்டைக் கக்கும். அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 30 ஆண்டு. பூமிக்குள் அந்தச் சூடு தேங்கினால் பாறை விரிசல் விடும், சுற்றி அடைத்த களிமண் காயும், நிலத்தடி நீரின் ஓட்டம் மாறும்.

பின்லாந்தில் 400 மீட்டருக்கும் கீழே, செம்புக் கலங்களை இடைவெளி விட்டுத்தான் வைக்கப்போகிறார்கள். களிமண் 100 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. நம் கோலார் தங்கச் சுரங்கத்திலும் சுமார் 1000 மீட்டர் ஆழத்தில், சூடேற்றிகள் வைத்து எட்டு ஆண்டு பாறையைச் சோதித்தார்கள். 2012-ல் கூடங்குளம் கழிவு கோலாருக்குப் போகும் என்று உச்ச நீதிமன்றத்தில் பேச்சு வந்ததும் அங்கே எதிர்ப்பு கிளம்பியது. உடனே இல்லை என்றார்கள்.

மறுசுத்திகரிப்பு செய்வோம் என்கிறார்கள். செய்தாலும் மிஞ்சுவதைக் கண்ணாடியாக உருக்கி வார்க்க வேண்டும். அந்தக் கட்டியும் சூடுதான்.

எந்த இடம், எவ்வளவு சூடு, எத்தனை ஆண்டு ஆறவிடுவீர்கள்? இதைத் தமிழில் எழுதிக் காட்டுங்கள். "பயப்படாதீர்கள்" என்ற ஒற்றைச் சொல் பேரன் பேத்திகளுக்குக் காணாது.