மேகம் நம் கட்சி!

மழைக் காலத்தில் மலையூருக்குப் போய்த் திரும்புகிறவர்களிடம் வழக்கமாக ஒரு புலம்பல் கேட்கலாம். "ஆசை ஆசையாய்ப் போனோம்; பாழாய்ப் போன மஞ்சு வந்து மூடிவிட்டது. ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை!" என்று வீட்டு அம்மாள் அங்கலாய்ப்பாள். வீட்டுக்காரரோ, சூரியனுக்கே சொந்தக்காரரிடம் கேட்பதுபோல, "எப்போதப்பா வெயில் வரும்?" என்று கார் டிரைவரைத் துளைத்து எடுத்திருப்பார்.

தூரத்து மலைகளைப் படம் எடுக்கப் போனவர்களுக்கு இந்தப் புலம்பல் நியாயந்தான். ஆனால், நேயர்களே, காலடியில் பூத்திருக்கும் காட்டுப் பூக்களைப் படம் எடுப்பவர்களுக்கு மேகம் விரோதி அல்ல, உற்ற சிநேகிதி!

உச்சி வெயிலில் பூவைப் படம் எடுத்துப் பாருங்கள். ஓர் இதழ் சுண்ணாம்பாய் வெளுத்திருக்கும்; பக்கத்து இதழ் நிழலில் கறுத்திருக்கும். நம் கண் இரண்டையும் சமாளித்துக் கொள்ளும். காமிராவுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. மேகம் கவிந்ததும் வானத்துக்கே வெள்ளை வேஷ்டி கட்டி வெளிச்சத்தை வடிகட்டியது போல் ஆகிவிடுகிறது. ஊதா, இளநீலம் போன்ற மென்மையான நிறங்கள் அப்போதுதான் உள்ளபடி வரும்.

உண்மையான தொல்லை காற்றுதான். வெளிச்சம் குறைந்தால் காமிரா தன் கண்ணைச் சற்று அதிக நேரம் திறந்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் பூ தலையாட்டினால் படம் கலங்கிவிடும். அதிகாலையில் பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும். அப்படி இல்லாவிட்டால், காற்று வரும் பக்கமாகக் குடையை விரித்துப் பிடிக்க வீட்டுக்காரரை நிறுத்துங்கள். காற்றும் நடுநடுவே ஓய்ந்து மூச்சு வாங்கும். அந்தச் சமயம் பார்த்துப் பத்துப் படம் தொடர்ந்து எடுங்கள். பிலிம் தீர்ந்துவிடுமே என்ற கவலைதான் இப்போது இல்லையே!

தூறல் விட்டதும் இதழில் நிற்கும் துளி படத்துக்கு அழகு. அதே துளி காமிராவின் கண்ணாடியில் நின்றால் அவலட்சணம்! அதைத் துடைக்க முந்தானையைத் தேடாதீர்கள், சரிகை கீறிவிடும். பல முறை துவைத்து மெத்தென்று ஆன பழைய வேஷ்டித் துண்டு ஒன்று கைப்பையில் இருக்கட்டும். குளிரில் இருந்த காமிராவைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளரைப் போல அதற்கும் வியர்க்கும். அறைக்குள் நுழையும் முன்பே அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். அரை மணி கழித்துத் திறக்கலாம்.

இன்னொரு விஷயம். பூவின் படம் நன்றாக வர, நாம் அதன் உயரத்துக்குக் குனிய வேண்டும். குனியலாம், ஆனால் முழங்காலை எதன்மேல் ஊன்றுகிறோம் என்று பார்த்தோமா?

நீலக்குறிஞ்சியை எடுத்துக் கொள்ளுங்கள். மூணாறுப் பக்கத்து மலைகளில் 2006-ல் பூத்தது. பிறகு 2018-ல் பூத்தது. அடுத்த முறை 2030-ல். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, ஒரே ஒரு முறை பூத்து, விதை விட்டு, அந்தச் செடி மடிந்துவிடுகிறது. 2018-ல் கேரளத்தைப் புரட்டிய வெள்ளத்தில் சாலைகள் சேதமடைந்து, பூப் பார்க்கக் காத்திருந்த பலர் போக முடியாமல் போயிற்று. மழை செய்வதை நாம் தடுக்க முடியாது. ஆனால் ஒரு படத்துக்காகப் பாதையை விட்டு இறங்கி, விதை பிடிக்கும் முன்பே நாம் மிதித்துவிடும் செடிக்கு மறு சந்தர்ப்பம் கிடையாது. அதன் வம்சத்தையே அல்லவா மிதிக்கிறோம்? கொண்டையில் சூடிப் படம் எடுத்துக் கொள்ளும் ஆசையும் வேண்டாம். 2022-ல் திருத்தப்பட்ட வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நீலக்குறிஞ்சியையும் பாதுகாக்கப்பட்ட செடிகளில் சேர்த்திருக்கிறது.

அதுவரை கை சும்மா இருக்க வேண்டியதில்லை. காலி மனையில் பூத்திருக்கும் தும்பை போதும், பழகிக் கொள்ள. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலியோரம் செங்காந்தளைப் பாருங்கள். நம் மாநிலப் பூ அல்லவா? பச்சை கலந்த மஞ்சளாக விரிந்து, நாளாக ஆகச் செக்கச் சிவந்துவிடும். ஒரே பூவைத் தினம் ஒரு படமாக எடுத்து வரிசையாக வைத்தால் குழந்தைகள் குதூகலிப்பார்கள். ஆனால் கிழங்கு முதல் பூ வரை எல்லாமே விஷம். கண்ணால் பார்ப்பதோடு நிற்கட்டும்.

2018-ல், குறிஞ்சி பூத்த வருஷத்தில், உங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தால், 2030-ல் அவளுக்கு வயது பன்னிரண்டு. அவளை மலைக்கு அழைத்துப் போங்கள். பாதையிலேயே நிற்கச் சொல்லி, காமிராவை அவள் கையில் கொடுங்கள். மேகம் மூடினால் முகம் சுளிக்க வேண்டாம். குடையை மட்டும் நீங்கள் பிடித்துக் கொள்ளுங்கள்!