தோட்டம் என்னும் ஒரு சொல்

கட்சி ஆவணங்களைத் தமிழாக்கும்போது என்னை அடிக்கடி நிறுத்திவைக்கும் சொல் 'தோட்டம்'. நிக்கோபாரியர் தென்னையும் தாழையும் கிழங்கும் கலந்து வளர்த்து, 'துஹேத்' எனும் கூட்டுக்குடும்பத்தின் பொது உடைமையாகப் பேணுவதும் தோட்டம். மழைக்காட்டை அழித்து ஒற்றைப் பயிர் நட்டுக் கூலிக்கு ஆள் வைப்பதும் தோட்டம். தமிழ் மட்டுமா குழப்புகிறது? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் பத்து விழுக்காடு மரக்கவிகை இருந்தால் அது 'வனப்பரப்பு' என்கிறது இந்திய வன அளவை நிறுவனம். காடு போய் ரப்பர் வந்தாலும் கணக்கில் காடு குறையாது.

2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த 11,040 கோடி ரூபாய் எண்ணெய்ப்பனைத் திட்டம், வடகிழக்கு மாநிலங்களோடு அந்தமான் நிக்கோபாரையும் சிறப்பாகக் குறிவைக்கிறது. சமையல் எண்ணெய் இறக்குமதி குறைய வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் தீவுகளில் இச்சோதனை முன்பே நடந்துவிட்டது. ஓங்கே பழங்குடியினரின் தாயகமான லிட்டில் அந்தமானில், 1970களில் தொடங்கி ஏறத்தாழ 1,600 ஹெக்டேரில் அரசுக் கழகமே எண்ணெய்ப்பனை பயிரிட்டது. கூடலூர்க் காடுகளை முன்வைத்துத் தொடங்கிய கோதவர்மன் வழக்கில், சேகர் சிங் ஆணையப் பரிந்துரைகளைப் பெரும்பாலும் ஏற்று, ஒற்றைப் பயிர்த் தோட்டங்களைப் படிப்படியாகக் கைவிடுமாறு 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2017இல் அக்கழகத்தை மூடவும் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

"வேலை கிடைக்குமே" என்று நம் தோழர்கள் சிலரே கேட்கின்றனர். நியாயமான கேள்வி. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட தமிழர் சிலர், கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டம்! நிலம் அவர்களுடையதாக இருந்ததில்லை. தோட்டம் நட்டப்பட்டால் தொழிலாளி முதலில் நடுத்தெருவுக்கு வருகிறான் என்பதே அனுபவம்.

சிறு விவசாயிக்கும் எண்ணெய்ப்பனை விடுதலை தராது. அறுத்த குலை ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். தாமதித்தால் எண்ணெய் கெடும். எனவே அருகிலுள்ள ஆலை சொல்வதே விலை. நிலுவைத் தொகைக்காகச் சர்க்கரை ஆலை வாயிலில் அமர்ந்த நம் கரும்பு விவசாயிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மரமோ காய்க்கத் தொடங்கவே மூன்று, நான்கு ஆண்டுகள் எடுக்கும். கசந்துபோனால் மறுபருவத்தில் மாற்றிக்கொள்ள வழியில்லை.

எண்ணெய் வேண்டுமெனில் நிலக்கடலைக்கும் எள்ளுக்கும் கட்டுப்படியான விலையும் உறுதியான கொள்முதலும் கொடுக்கட்டும். தீவின் கொப்பரையைக் கூட்டுறவுகள் வழியே வாங்கட்டும். கைவிடப்பட்ட பனை நிலத்தில் அம்மண்ணின் மரங்களை மீட்டு வளர்ப்பதும் வேலைதான். நாற்றங்கால், நடவு, காவல் என்று பல ஆண்டுகளுக்கு நீளும் வேலை. அதை ஓங்கே மக்களின் ஒப்புதலோடு, கழகத்தின் முன்னாள் தொழிலாளர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் முறையான ஊதியத்தில் வழங்கக் கோர வேண்டும். இக்கோரிக்கையைத் தீவுத் தோழர்களின் தலையில் மட்டும் சுமத்தாமல், விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும் நிலக்கடலை விலைக்காக நாம் நடத்தும் இயக்கங்களின் முழக்கப் பட்டியலிலும் சேர்க்கலாம்.